குடியரசு நிலைக்க மதமும் ஒழுக்கமும் எதற்கு? ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் அரசியல் கதைக்கிற எந்த இடத்திலும் இரண்டு கருத்துகள் வந்து விழும். "சனத்துக்குக் கடவுள் பயம் விட்டுப்போச்சு, அதுதான் நாடு இப்படிக் கிடக்குது" என்பது ஒன்று. "மதத்தை அரசியலுக்குள்ளே விட்டதால்தானே எல்லாம் நாசமாய்ப் போனது" என்பது மற்றது. பல நேரங்களில் இரண்டையும் ஒரே ஆளே ஒரே கிழமைக்குள் சொல்லுவார். கேட்கிற நாமும் இரண்டுக்கும் தலையாட்டுவோம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மதம் செய்யும் இரண்டு வேறு வேலைகளைப் பற்றியவை அவை. மனிதரின் மனச்சாட்சியைப் பழக்குவது ஒரு வேலை. அரசாங்கத்தின் கதிரையில் பங்கு கேட்பது இன்னொரு வேலை. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் புதிய அரசியலமைப்பு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரை, மதச்சார்பின்மை என்று பேச்சு எழும்போதெல்லாம் சத்தம் கூடுகிறது, விளக்கம் கூடுவதில்லை. அரசறிவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்து தொடங்குகிறேன்.

## வீட்டுக்காரர் இல்லாத கட்டடம்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வீடுகள், ஒவ்வொன்றும் அவரவர் பெயரில் உறுதி முடித்து வாங்கியது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார். கேற்றை எத்தனை மணிக்குப் பூட்டுவது, தண்ணீர் மோட்டரை எப்போது போடுவது என்று அவர் சொல்லுவார். பிடிக்காவிட்டால் எழும்பிப் போகவேண்டியதுதான். சொந்த வீடுகள் உள்ள தொடர்மாடியில் அப்படி ஒருவர் இல்லை. லிஃப்ட், மாடிப்படி, தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர் எல்லாம் நாற்பது குடும்பத்துக்கும் பொது. வருடத்துக்கு ஒருமுறை கூட்டம் கூடி ஒரு குழுவைத் தெரிவு செய்வார்கள். குழு பராமரிப்புக் காசு சேர்க்கும், விதிகளை எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டும், கேற்றில் காவலாளி ஒருவரை நிறுத்தும்.

குடியரசும் இதுதான். பரம்பரை அரசர் யாருமின்றி, நாடு எல்லோருக்கும் சொந்தம் என்ற அடிப்படையில், மக்கள் தெரிவு செய்தவர்கள் சட்டத்துக்கு உட்பட்டு ஆளும் ஏற்பாட்டைக் குடியரசு என்கிறோம். ஆள்பவர்களை விமர்சிக்கவும் மாற்றவும், விரும்பியபடி வழிபடவும் ஒவ்வொருவருக்கும் உரிமை இருந்தால் அது சுதந்திரக் குடியரசு. வடகொரியாவும் தன்னைக் குடியரசு என்றுதான் சொல்லிக்கொள்கிறது என்பதால் இந்த இரண்டாவது பகுதி முக்கியம். இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றபோதும் பிரித்தானிய முடியே பெயரளவில் தலைமையில் இருந்தது. 1972 மே 22ஆம் திகதிதான் நாம் குடியரசானோம்.

தொடர்மாடிக்குத் திரும்புவோம். பொதுத் தண்ணீரில் நடுச்சாமத்தில் கார் கழுவுகிறவரை யார் தடுப்பது? குப்பைப் பையை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிறவரை? மாதக்கணக்காகப் பராமரிப்புக் காசு கட்டாதவரை? பெயின்ற் அடிக்க வந்த ஒப்பந்தக்காரரிடம் கமிஷன் வாங்குகிற பொருளாளரை? கமரா பூட்டலாம். அந்தக் கமராவைப் பார்க்கிறவரும் கார் கழுவுகிறவராக இருந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு காவலாளி வைக்கக் காசும் இல்லை, வைத்தால் அந்தக் காவலாளிகளுக்குக் காவல் வேண்டும்.

ஐந்து வீடுகள் விதியை மீறினால் குழு சமாளிக்கும். முப்பது வீடுகள் மீறினால் சமாளிக்காது. அப்போது கூட்டத்தில் யாராவது எழும்பிச் சொல்லுவார்: "இது சரிவராது, கண்டிப்பான ஒரு ஆளிடம் முழுப் பொறுப்பையும் குடுப்பம்." களைத்துப் போன மற்றவர்கள் கை தட்டுவார்கள். அன்றைக்கே அந்தக் கட்டடத்துக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார். பெயர் மட்டும் குழுத் தலைவர். குடியரசுகள் பல இப்படித்தான் முடிகின்றன. ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல், தாமாகவே சாவிக்கொத்தை ஒரு கையில் கொடுக்கிறார்கள்.

யாரும் பார்க்காத இடத்திலும், தண்டனை வராது என்று தெரிந்தபோதும், பொதுவானதைக் கெடுக்காமல் இருக்கும் பழக்கத்துக்குக் குடிமை ஒழுக்கம் என்று பெயர். புனிதராக இருப்பது என்று இதற்குப் பொருள் எடுக்க வேண்டாம். தன் பங்கைக் கட்டுவது, தன் முறை வரும்வரை நிற்பது, தோற்றால் பதவியை விட்டு இறங்குவது என்ற அளவுதான்.

## சட்டம் எதுவரை போகும்?

"நல்ல அரசியலமைப்பு ஒன்றை எழுதிவிட்டால் போதும், ஆட்கள் எப்படி இருந்தால் என்ன" என்று கேட்கலாம். அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மடிசன் இந்தக் கேள்வியோடு நிறையப் போராடினார். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவையில்லை என்று 1788இல் எழுதியவர் அவர். அதனால்தான் அதிகாரச் சமநிலையை வலியுறுத்தினார். அதாவது, பாராளுமன்றம், நிறைவேற்றுத்துறை, நீதிமன்றம் ஆகியவற்றில் ஒன்று எல்லை மீறினால் மற்றது கையைப் பிடித்து நிறுத்தும்படி அதிகாரத்தைப் பங்கிட்டு வைப்பது. ஆனால் அதே ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்தில் பேசும்போது, மக்களிடம் நற்பண்பே இல்லையென்றால் எந்த ஆட்சி முறையாலும் அவர்களைக் காப்பாற்ற முடியாது என்றும் அவர்தான் சொன்னார். இரண்டும் சேர்ந்தால்தான் அவருடைய கருத்து முழுமையாகிறது.

நம் நாட்டில் இதற்குக் கண்முன்னே சாட்சி உண்டு. 2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது. 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் அதைத் திருப்பிக் கொடுத்தது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் மறுபடி குறைத்தது. முதலில் குறைக்கக் கை உயர்த்திய பலரே பிறகு கூட்டவும் கை உயர்த்தினார்கள். எல்லாம் சட்டப்படி, தேவையான பெரும்பான்மையோடுதான் நடந்தது. சமநிலையைக் காக்க வேண்டியவர்களுக்கே அதில் அக்கறை இல்லாவிட்டால் கடதாசியால் தனியே என்ன செய்ய முடியும்?

சட்டத்தின் உள்ளேயே ஓர் இடம் இருக்கிறது, அங்கே போனால் இது இன்னும் தெளிவாகும். புதுக்கடை நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டைப் பாருங்கள். நீதிபதி இருக்கிறார், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், பொலிஸ் வாசலில் நிற்கிறது. அத்தனை பேரும் ஒரு சாதாரண மனிதர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். அவர் சத்தியம் செய்கிறார், அல்லது உறுதிமொழி எடுக்கிறார். அதன்பின் அவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதில்தான் ஒருவரின் காணியும் சில வேளை ஆயுளும் தங்கியிருக்கிறது. பொய்ச்சாட்சி குற்றம்தான். ஆனால் பொய்ச்சாட்சியை நிரூபிக்கவும் உண்மை பேசும் இன்னொரு சாட்சி வேண்டும். சட்டம் என்ற பெரிய இயந்திரம் முழுவதும் கடைசியில் ஒரு மனிதரின் மனச்சாட்சியில் போய் நிற்கிறது.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன், பதவியை விட்டுப் போக முடிவெடுத்து 1796 செப்டெம்பரில் வெளியிட்ட விடைபெறும் செய்தியில் இதைத்தான் கேட்டார். சத்தியத்தின் மீதான மதக் கடமையுணர்வு போய்விட்டால் நம் சொத்துக்கும் பெயருக்கும் உயிருக்கும் பாதுகாப்பு எங்கே என்பது அவருடைய கேள்வி. மதமும் ஒழுக்கமும் அரசியல் நலனுக்குத் தவிர்க்க முடியாத தூண்கள் என்றார். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த ஜனாதிபதி ஜோன் அடம்ஸ், தங்கள் அரசியலமைப்பு ஒழுக்கமும் மதப்பற்றும் உள்ள மக்களுக்காகச் செய்யப்பட்டது, வேறு மக்களுக்கு அது போதாது என்று எழுதினார். "சுதந்திரக் குடியரசுக்கு மதம் வேண்டும்" என்ற வாதத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

காவலாளி இல்லாத நாள் ஒன்றையும் நாம் பார்த்திருக்கிறோம். 2022 ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. அந்தச் சில மணி நேரம் அங்கே பொலிஸும் இல்லை, சட்டமும் இல்லை. உள்ளே 1 கோடியே 78 லட்சம் ரூபாவளவில் காசு கட்டுக்கட்டாகக் கிடைத்தது. நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. இளைஞர்கள் அந்தக் காசைக் கமரா முன்னால் எண்ணி, பொலிஸிடம் ஒப்படைத்தார்கள். அதே நாள் இரவு, அதே நகரத்தில், அப்போதைய பிரதமரின் சொந்த வீடு எரிக்கப்பட்டது. வெளிக் கட்டுப்பாடு அகன்றால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குடியரசில் மேலே வீட்டுக்காரர் இல்லை, எனவே ஒவ்வொருவரும் தன்னைத் தானே கட்டுப்படுத்த வேண்டும். சட்டம் உதவும், ஆனால் சட்டமே அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

## அந்தப் பழக்கம் எங்கே விளைகிறது?

மதம் இங்கேதான் உள்ளே வருகிறது. எப்படி என்று கேட்டால் பலர், "கடவுள் தண்டிப்பார் என்ற பயம்" என்பார்கள். அது ஒரு சிறு பகுதி மட்டுமே என்று நினைக்கிறேன். கடவுளுக்குப் பயந்தும் இலஞ்சம் வாங்கி, அதில் ஒரு பங்கை உண்டியலில் போடுகிறவர்களை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். பயத்தை விடப் பயிற்சி பெரியது.

நோன்பைப் பாருங்கள். ரமழான் மாதத்தில் மருதானையில் கடை வைத்திருக்கும் ஒருவர், உச்சி வெயிலில் கடையின் பின்பக்கம் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் குடிப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை, யாரும் பார்க்காதபோது, வேண்டாம் என்று விடுவதை முப்பது நாளளவும் பழகுகிறார். கந்தசஷ்டி விரதமும் தவக்காலமும் போயா தினத்தில் சில் எடுப்பதும் இதே பயிற்சியின் வேறு வடிவங்கள். குடிமை ஒழுக்கம் என்று மேலே சொன்னது இதே தசைதான். அதைக் கிழமைக்குக் கிழமை, ஏழை பணக்காரர் பார்க்காமல், காசு வாங்காமல் பழக்குகிற வேறு நிலையங்கள் நாட்டில் அதிகம் இல்லை. விரதம் இருக்கிற எல்லோரும் அந்தத் தசையைக் கந்தோரிலும் பயன்படுத்துகிறார்களா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது வேலை, ஆட்சியாளருக்கு மேலேயும் ஒரு நீதி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது. சட்டம் அனுமதித்தாலும் செய்யக்கூடாதது உண்டு, சட்டம் தடுத்தாலும் செய்யவேண்டியது உண்டு என்ற உணர்வு இல்லாத சமூகத்தில் ஆட்சியாளர் சொல்வதே கடைசி வார்த்தையாகிவிடும்.

மூன்றாவது, ஆட்களைச் சேர்ப்பது. அரசாங்கமும் இல்லாமல் வியாபாரமும் இல்லாமல், மக்கள் தாமாகக் கூடி இயங்கும் சங்கங்கள், சபைகள், குழுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சிவில் சமூகம் என்பார்கள். வெசாக் காலத்தில் கொழும்பு வீதிகளில் தன்சல் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், சோறு போடுகிறவர் உங்கள் பெயரையும் மதத்தையும் கேட்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு தெருவே மாதக் கணக்கில் காசு சேர்த்து, அரிசி வாங்கி, வேலையைப் பங்கிட்டு, கணக்குக் காட்டியிருக்கும். அந்தக் கணக்குக் காட்டுகிற பழக்கம் குடியரசுக்கு மிகவும் தேவையானது. 2022இல் சாமான் விலை ஏறிச் சனம் பட்டினி கிடந்தபோது தேவாலயங்களை ஒட்டிச் சமூகச் சமையலறைகள் சட்டென்று எழும்பியதும் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான்.

அமெரிக்காவிலும் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மொன்ற்கமரி நகரில், பஸ்களில் கறுப்பின மக்களுக்கு இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. அது 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் வேலைக்குப் போக வேண்டுமே? கார் ஏற்பாடுகளும் கூட்டங்களும் காசு சேர்ப்பதும் தேவாலயங்கள் வழியாகவே நடந்தன. தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரியார்.

## அதே மதம் கதிரையில் ஏறினால்

இந்த இடம் வரை வாசித்தவர்கள், "அப்படியானால் அரசாங்கமே மதத்தை வளர்க்கலாமே" என்று நினைக்கலாம். 1784–85இல் வேர்ஜீனியாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். கிறிஸ்தவ போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு வரி போடும் சட்டமூலத்தை பட்ரிக் ஹென்றி என்ற அரசியல்வாதி கொண்டுவந்தார். எந்தச் சபைக்குத் தன் காசு போக வேண்டும் என்று வரி கட்டுகிறவரே சொல்லலாம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. மடிசன் இதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். இன்றைக்கு எல்லா மதங்களையும் விலக்கிக் கிறிஸ்தவத்தை நிறுவ முடிகிற அதிகாரம், நாளைக்கு எல்லாச் சபைகளையும் விலக்கி ஒரு சபையை மட்டும் நிறுவலாம் என்றார். அரசு ஆதரவு மதகுருமாரிடம் கர்வத்தையும் சோம்பலையும், மக்களிடம் அடிமைக் குணத்தையும் வளர்த்ததுதான் வரலாறு என்றார். இதில் கவனிக்க வேண்டியது, அவரோடு நின்றவர்களில் பலர் தீவிர விசுவாசிகளான பப்டிஸ்ட் சபையினர். தங்கள் நம்பிக்கைக்கு அரசாங்கத்தின் காசு ஆபத்து என்று அவர்கள் நினைத்தார்கள். வரி கைவிடப்பட்டது. 1786இல், பிற்காலத்தில் ஜனாதிபதியான தோமஸ் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது.

1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் டொக்வில் இதன் விளைவைக் கண்டு ஆச்சரியப்பட்டார். அவருடைய நாட்டில் மதமும் சுதந்திரமும் பகையாளிகள். இங்கே இரண்டும் கைகோர்த்து நடந்தன. காரணம் கேட்டபோது கத்தோலிக்கக் குருமார் உட்பட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மதமும் அரசும் தனித்தனியே இருப்பது.

ஏன் அப்படி? அரசு ஒரு மதத்தைத் தன் பக்கத்தில் இருத்தினால் மூன்று கேடுகள் வருகின்றன. பக்தியைக் காட்டினால் ஆதாயம் உண்டு என்றாகிறது, எனவே காட்டுகிறவர்கள் பெருகுகிறார்கள். அடுத்து, ஆட்சியாளரைக் கண்டிக்க வேண்டிய வாய் அடைபடுகிறது. சாப்பாடு போடுகிறவரை யார் திட்டுவது? கடைசியாக, மற்ற மதத்தினர் சொந்தக் கட்டடத்திலேயே வாடகைக் குடிகளாகிறார்கள்.

இலங்கையில் மூன்றும் நடந்திருக்கிறது. 1956இல் பண்டாரநாயக்கவைப் பிரதமராக்கப் பாடுபட்டவர் களனி விகாரையின் பிரதம பிக்கு. மூன்று வருடத்தில், 1959 செப்டெம்பரில், பண்டாரநாயக்க ஒரு பிக்குவால் சுடப்பட்டார். கொலைச் சதியில் குற்றவாளியாகக் காணப்பட்டவர்களில் அந்தப் பிரதம பிக்குவும் ஒருவர். அதிகாரத்தில் பங்கு கேட்ட மதம் எவ்வளவு சீக்கிரம் அதிகாரத்தின் நோய்களைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அரசியலமைப்பைப் பாருங்கள். சுதந்திரத்தின்போது இருந்த யாப்பின் 29ஆம் பிரிவு, எந்த மதத்தையும் இனத்தையும் பாதிக்கும் பாரபட்சமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. 1972 யாப்பு அந்தப் பிரிவை விட்டுவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரை அதைத் தொடர்கிறது. 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது அந்த உறுப்புரை முஸ்லிம்களைக் காப்பாற்றவில்லை. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், பெற்ற பிள்ளையின் உடலைக்கூடக் கேட்டு வாங்க முடியாமல் குடும்பங்கள் நின்றன. 2020 டிசம்பரில் மனுக்களை விசாரணைக்கு எடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது.

அந்த மாதம் பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் சனம் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டியது. முஸ்லிம்கள் இறந்தவரின் உடலைச் சுற்றும் கபன் துணியின் அடையாளம். கட்டியவர்களில் பௌத்தர்கள் இருந்தார்கள், கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், இந்துக்கள் இருந்தார்கள். இரவோடிரவாகத் துணிகள் அகற்றப்பட்டன, மறுபடி கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

பெரும்பான்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாம் நேர்மையானவர்கள் இல்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரை வழிபாட்டிடத்துக்குள் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் அடிவாங்கிக்கொண்டுதான் நின்றார்கள். சட்டம் இருந்தது, பக்தியும் இருந்தது. பக்தியே கதவைப் பூட்டி வைத்திருந்தது. மதம் ஒழுக்கத்தை வளர்க்கவும் முடியும், அநியாயத்துக்குத் திருநீறு பூசவும் முடியும்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: மதம் குடியரசுக்குச் செய்யும் உதவி, அது அரசாங்கத்துக்கு வெளியே நிற்கும்போது கிடைக்கிறது. உள்ளே போனால் மதமும் கெடுகிறது, குடியரசும் கெடுகிறது.

## கடவுளை நம்பாதவர்கள்

மாவிட்டபுரம் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் பலர் இடதுசாரிகள். கோயிலுக்குள் போகும் உரிமைக்காகக் கடவுளை நம்பாதவர்கள் அடிவாங்கினார்கள். மதம் இல்லாமல் ஒழுக்கம் இல்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஃபின்லாந்து ஒரு குடியரசு. அங்கே கிழமைதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் குறைவு, இலஞ்சமும் மிகக் குறைவு. நம் நாட்டில் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் நிரம்பி வழிகின்றன. ஒரு சின்னப் படிவத்தில் கையெழுத்து வாங்கத் தேத்தண்ணிக் காசு கேட்கிறவரும் வெள்ளிக்கிழமை விரதக்காரராக இருக்கக்கூடும்.

வொஷிங்டன் இந்த எதிர்வாதத்தை அறிந்தே இருந்தார். நல்ல கல்வியால் சிலர் மதமின்றியும் ஒழுக்கமாக இருக்கலாம், ஆனால் ஒரு நாடே அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்று எழுதினார். அவர் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. ஒழுக்கம் தானாக முளைப்பதில்லை, அதைப் பழக்கும் இடங்கள் வேண்டும் என்பது சரி. அந்த இடம் மதமாக மட்டுமே இருக்க முடியும் என்பதை அவருக்குப் பிந்திய காலம் காட்டவில்லை. குடும்பம், பாடசாலை, தொழிற்சங்கம், விளையாட்டுக் கழகம் என்று வேறு இடங்களும் உண்டு. ஆனால் இலங்கை போன்ற நாட்டில் மிகப் பெரும்பாலான மக்களுக்கு அந்த முதல் இடம் மதம்தான். அதை ஒதுக்கிவிட்டுக் குடிமை ஒழுக்கத்தை வளர்க்கலாம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

மதச்சார்பின்மையைப் பற்றிய பெரிய குழப்பமும் இங்கேதான். அரசு எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லாமல், எல்லோரையும் சமமாக நடத்துவதே மதச்சார்பின்மை. மதத்தை ஒழிப்பது அதன் வேலை கிடையாது. நம்பிக்கையுள்ளவர் தன் நம்பிக்கையால் உந்தப்பட்டு அரசியல் பேசுவதை அது தடுப்பதுமில்லை.

## யாருக்காகக் கேட்கிறார் என்று பாருங்கள்

அப்படியென்றால் ஒரு பிக்குவோ, குருக்களோ, மௌலவியோ, பாதிரியாரோ அரசியல் மேடையில் ஏறினால் எப்படி மதிப்பிடுவது? நான் பார்ப்பது ஒன்றை: தன் கூட்டத்துக்கு அதிகாரம் கேட்கிறாரா, எல்லோருக்கும் பொதுவாக அதிகாரத்துக்கு எல்லை கேட்கிறாரா?

மாதுளுவாவே சோபித தேரர் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். அவரையே பொது வேட்பாளராக்கலாம் என்ற பேச்சும் இருந்தது. அவர் போட்டியிடவில்லை. 2015இல் ஆட்சி மாறிய பிறகும் பதவி எடுக்கவில்லை, கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி புதிய ஆட்சியையும் நெருக்கினார். அந்த நவம்பரில் காலமானார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மல்கம் ரஞ்சித் ஆண்டகை பழிவாங்க வேண்டாம் என்று தன் மக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு வந்த அரசாங்கங்களிடம் பொறுப்புக்கூறலைக் கேட்டு அவர் ஓயவில்லை. அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

தமிழர் பக்கத்தில் ஒரு விஷயத்தை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. செல்வநாயகம் கிறிஸ்தவர். பெரும்பாலும் சைவர்களான ஒரு மக்கள் அவரைத் தந்தை என்று அழைத்து, பல தசாப்தம் பின்தொடர்ந்தார்கள். 1956 ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில், தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக அவர் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். குண்டர்கள் அடித்தார்கள், இவர்கள் திருப்பி அடிக்கவில்லை. என்ன மதம் என்று கேட்காமல் தலைவரின் நேர்மையைப் பார்த்துத் தெரிவு செய்த பண்பு நம்மிடம் இருந்தது.

## பாடசாலையில் சமய பாடம்

இலங்கையில் சமயம் கட்டாய பாடம். சாதாரண தரப் பரீட்சை வரை எல்லாப் பிள்ளையும் தன் சமயத்தைப் படித்தே ஆகவேண்டும். கொழும்பில் பல மதப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு மணி அடித்ததும் வகுப்பு உடையும். சைவநெறிக்காரர் ஒரு அறைக்கு, இஸ்லாம் ஒரு அறைக்கு, கத்தோலிக்கம் ஒரு அறைக்கு. நாற்பது நிமிடம் ஆளுக்கொரு மூலையில் மனப்பாடம் செய்துவிட்டுத் திரும்பி வருவார்கள். பக்கத்து மேசைப் பிள்ளை என்ன படித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சாதாரண தரத்தில் குடியியல் விரும்பினால் எடுக்கும் பாடம், எடுக்காமலும் விடலாம்.

அரசு மதத்துக்குச் செய்கிற உதவி என்று இதை நினைக்கிறார்கள். நான் மேலே சொன்ன பயிற்சி எதுவும் இதில் இல்லை. "ஏ" சித்தி எடுத்த பிள்ளைக்குத் தேவாரம் வரும், தன் முறை வரும்வரை வரிசையில் நிற்க வருமா என்பதைப் பரீட்சை கேட்பதில்லை. சமய பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தவணைக்கு ஒருமுறையாவது அந்த எல்லா அறைப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சிரமதானத்துக்கு அனுப்பலாம், ஒரு தன்சலை அவர்களையே நடத்தவிடலாம், காசைச் சேர்த்துச் செலவழித்துக் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லலாம். இதற்குப் புதிய அரசியலமைப்பு தேவையில்லை. ஓர் அதிபரும் நாலு பெற்றோரும் மனம் வைத்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.